துணிக்கடைப் பங்குகளில் முதலீடு: விற்காத சரக்கை முதலில் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. குறி (சீட்டு) எடுத்த வகையில் அவர் கையில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஓணத்துக்குப் பாலக்காட்டிலும் தீபாவளிக்குக் கோவையிலும் துணிக்கடைகளில் நிற்க இடமில்லாமல் கூட்டம் அலைமோதுவதைப் பார்க்கும்போது, இந்தத் துறையின் பங்குகளில் பணம் போட்டால் பெருகும் என்று அவருக்குத் தோன்றுகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும், எந்த நிறுவனத்தை வாங்கலாம் என்கிறார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி மூன்று ஆண்டுகளில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தேவைப்படும் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் பாலக்காட்டுப் பகுதியில் ஜவுளிக்கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் அல்லன் என்பதால் இன்ன பங்கை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். கீழே வரும் நிறுவனப் பெயர்கள் எல்லாம் விளக்கத்துக்காகவே. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது. துணி வியாபாரத்தில் லாபமும் நட்டமும் விற்ற துணியில் தெரிவதைவிட விற்காமல் நிற்கும் துணியில்தான் தெளிவாகத் தெரியும். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்தால் விற்பனைத் தொகைக்கு முன்பாகக் கையிருப்புச் சரக்கின் தொகையைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாம் கூட்டத்தைப் பார்க்கும் கடைகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தையிலேயே இல்லை. சென்னை சில்க்ஸ், போத்தீஸ், ஆர்.எம்.கே.வி., கல்யாண் சில்க்ஸ், ஜெயலட்சுமி, சீமாட்டி ஆகிய எல்லாமே குடும்பங்களின் கையில் இருக்கும் நிறுவனங்கள். 2021 மார்ச்சில் சந்தைக்கு வந்தது கல்யாண் ஜுவல்லர்ஸ்; கல்யாண் சில்க்ஸ் அந்தக் குடும்பத்தின் வேறொரு கிளை நடத்தும் தனி நிறுவனம். பட்டுக்கடையின் பங்கு என்று நம்பி நகைக்கடையின் பங்கை வாங்கிவிட நம் பக்கத்தில் எளிதில் வாய்ப்புண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ரிலையன்ஸ் டிரெண்ட்ஸ் நடத்தும் ரிலையன்ஸ் ரீடெய்லும் தனியாகப் பட்டியலிடப்படவில்லை. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பங்கை வாங்கினால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ஜியோ ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அந்தத் துணிக்கடையும் கிடைக்கும். மேக்ஸ், லைஃப்ஸ்டைல் கடைகள் துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட லேண்ட்மார்க் குழுமத்துடையவை.

வாங்கக் கிடைப்பவை வேறு. வெஸ்ட்சைடும் ஜூடியோவும் நடத்தும் டாடா குழுமத்தின் டிரெண்ட், பேண்டலூன்ஸ் நடத்தும் ஆதித்ய பிர்லா ஃபேஷன், அதிலிருந்து பிரிந்து லூயி ஃபிலிப், ஆலன் சோலி, வேன் ஹியூசன், பீட்டர் இங்கிலாந்து ஆகிய பெயர்களை எடுத்துக்கொண்டு 2025 ஜூனில் தனியாகப் பட்டியலான ஆதித்ய பிர்லா லைஃப்ஸ்டைல் பிராண்ட்ஸ், ஷாப்பர்ஸ் ஸ்டாப், சிறு நகரங்களில் கடை வைத்திருக்கும் வி-மார்ட், விஷால் மெகா மார்ட், திருமண உடைக்குப் பேர்பெற்ற மான்யவரை நடத்தும் வேதாந்த் ஃபேஷன்ஸ், ஹைதராபாதைச் சேர்ந்த சாய் சில்க்ஸ் கலாமந்திர், சென்னையிலிருந்து இயங்கும் கோ ஃபேஷன் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பிர்லா நிறுவனத்தின் விலை வரைபடத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வரைபடங்களில் 2025 மே மாதத்தில் ஒரே நாளில் பாதாளத்துக்குச் சரிந்ததைப் போலத் தெரிவது, பிரிந்துபோன வியாபாரத்தின் மதிப்பு கழிக்கப்பட்டதனால் வந்தது. பழைய பங்குதாரர்களுக்குப் புதிய நிறுவனத்தின் பங்கும் கிடைத்தது. அதை வீழ்ச்சி என்று நினைத்து, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது தவறான கணக்கு.

இனிச் சரக்கு. கர்க்கடகத்தில், அதாவது நமக்கு ஆடி மாதத்தில், வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் ஜவுளிக்கடைகளில் பெரும்பாலும் இருப்புக் கணக்கு எடுப்பார்கள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து முந்தைய ஓணத்துக்கு வாங்கிய கசவு செட் முண்டுகள் இறங்கும். உறையைப் பிரித்தால், மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் கோடு கோடாகப் பழுப்பேறியிருக்கும். ஜரிகைக் கரை சற்றே கறுத்திருக்கும். துவைத்துக் கஞ்சி போட்டாலும் அந்தக் கோடு முழுவதும் போகாது. பேரேட்டில் அந்த முண்டு இன்னும் வாங்கிய விலையிலேயே உட்கார்ந்திருக்கும். சட்டைகளில் இந்தக் குறை வேறு விதமாக வரும். 38, 40, 42 அளவுகள் விற்றுப்போய், 36-உம் 46-உம் மட்டும் மிஞ்சினால், அந்த ரகம் முழுவதுமே சைஸ் உடைந்த சரக்காகிவிடும். நல்ல துணி, நல்ல தையல், ஆனால் கேட்பவர் இருக்க மாட்டார். இந்தச் சரக்கின் உண்மையான மதிப்பு என்ன என்பதில்தான் ஒரு துணிக்கடையின் லாபம் மெய்யா, காகிதத்தில் மட்டும் இருப்பதா என்பது அடங்கியிருக்கிறது. இது எங்கள் ஊர்க் கடைக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவும் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் கடை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் பொருந்தும்.

கணக்கு வைப்பு விதிப்படி, சரக்கை வாங்கிய விலை அல்லது விற்றால் கிடைக்கக்கூடிய நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். விற்றால் என்ன கிடைக்கும் என்று முடிவு செய்வது நிர்வாகம். அது தாராளமாக மதிப்பிட்டால் இந்த ஆண்டு லாபம் கூடும். தள்ளுபடியில் தள்ளும் ஆண்டில் நட்டம் மொத்தமாக வந்து விழும். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் பழைய சரக்குக்கு எத்தனை மாதத்துக்குப் பிறகு, எவ்வளவு சதவீதம் மதிப்பைக் குறைக்கிறது என்பதை ஆண்டறிக்கையின் குறிப்புகளில் தேடுங்கள். தணிக்கையாளர் அறிக்கையில் ‘முக்கியத் தணிக்கை விஷயங்கள்’ என்ற பகுதி பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2018-19 நிதியாண்டிலிருந்து கட்டாயம். துணி நிறுவனங்களில் அந்தப் பகுதி பல நேரங்களில் சரக்கு மதிப்பீட்டைப் பற்றியே பேசும். அதைத் தவறாமல் படிக்க வேண்டும்.

எண்ணால் பார்ப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. கையிருப்புச் சரக்கை, அந்த ஆண்டு விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், எத்தனை நாள் விற்பனைக்கான சரக்கு கிடங்கிலும் கடையிலும் நிற்கிறது என்பது கிடைக்கும். விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் அது விற்ற துணியின் அடக்கம் 60 கோடி, கையிருப்பு 20 கோடி என்றால், ஏறக்குறைய 122 நாள் சரக்கு. அடுத்த ஆண்டில் அடக்கம் 72 கோடி, அதாவது 20 சதவீத வளர்ச்சி. செய்தித்தாளில் அதுதான் தலைப்பாக வரும். ஆனால் கையிருப்பு 32 கோடியாகியிருந்தால், அது 162 நாள் சரக்கு. நாற்பது நாள் கூடியிருக்கிறது. லாபம் 6 கோடி என்று காட்டினாலும், சரக்கில் கூடுதலாக முடங்கியது 12 கோடி. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஒன்று வங்கிக் கடன், அல்லது ஈரோட்டிலும் சூரத்திலும் துணி கொடுத்தவர்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்தது. ஆண்டறிக்கையில் செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் என்ற வரியையும், கொடுக்க வேண்டிய வர்த்தகப் பாக்கி என்ற வரியையும் அருகருகே வைத்தால் இது வெளிப்பட்டுவிடும். ஓர் ஆண்டு இப்படி நடந்தால் புதிய கடைகளை நிரப்பியதால் இருக்கலாம். தொடர்ந்து மூன்று ஆண்டு நடந்தால் எனக்கு அந்த நிறுவனம் வேண்டாம்.

இந்த நாள் கணக்கை ஒரு நிறுவனத்தோடு இன்னொன்றை ஒப்பிடுவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. பட்டுப்புடவைக் கடையில் ஒரு திருமண வீட்டாருக்கு எத்தனையோ புடவைகளை விரித்துக் காட்டினால்தான் ஒன்று விற்கும். அங்கே சரக்கு நாள் அதிகம் இருப்பது தொழிலின் இயல்பு. சாய் சில்க்ஸை ஜூடியோவோடு இதில் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். பெரிய பல்பொருள் அங்காடிகளில், சில பிராண்டுகளின் துணி விற்றால் மட்டுமே கடைக்குச் சொந்தமாகும், விற்காதது பிராண்டுக்காரரிடமே திரும்பும் என்ற ஒப்பந்தம் உண்டு. அந்தத் துணி கடையின் கணக்கில் சரக்காகவே வராது. சொந்தப் பெயரில் தைத்து விற்கும் நிறுவனத்துக்கு மார்ஜின், அதாவது விற்பனையில் லாப விகிதம், அதிகம், ஆனால் விற்காதது முழுவதும் அதன் தலையிலேயே விடியும். எனவே ஒவ்வொரு நிறுவனத்தையும் அதன் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

சரக்குக்கு அடுத்து வாடகை. 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 116, நீண்ட காலக் குத்தகை வாடகையை வாடகைச் செலவு என்று காட்டாமல், தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரித்துக் காட்டச் சொல்கிறது. இதன் விளைவாக, தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முந்தைய லாபமான எபிட்டா, வாடகையே கொடுக்காததைப் போலப் பெருத்துத் தெரியும். கடை வாடகை ஒவ்வொரு மாதமும் கொடுத்தே ஆக வேண்டிய பணம். நல்ல நிறுவனங்கள் இந்தத் தரத்துக்கு முந்தைய முறையிலும் எபிட்டாவைக் கணக்கிட்டு முதலீட்டாளர் விளக்கவுரையில் தருகின்றன. அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடனும் வாடகையும் சேர்ந்து ஒரு சாம்ராஜ்யத்தையே சாய்த்ததை நாம் அண்மையில் பார்த்தோம். பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் ரீடெய்ல் 2020-இல் கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடியபோது கடனைத் தாங்க முடியாமல் தடுமாறியது. ஃபியூச்சர் குழுமத்தின் சில்லறை வணிகத்தையும் அதைச் சார்ந்த தொழில்களையும் 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் வாங்குவதாக 2020 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அமேசான் எதிர்த்து வழக்காடியது. 2022 பிப்ரவரியில், வாடகை பாக்கி நின்ற கடைகளின் குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்த ரிலையன்ஸ், அந்தக் கடைகளைத் தன் வசமாக்கத் தொடங்கியது. ஏப்ரலில் கடன் கொடுத்தவர்கள் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குச் சென்றது. பல ஆண்டுகள் கூட்டம் நிரம்பியிருந்த கடைகள் அவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஷால் மெகா மார்ட்டின் கதையும் இதை ஒட்டியதே. 2007-இல் சந்தைக்கு வந்த விஷால் ரீடெய்ல் கடனில் சிக்கி, 2011-இல் தன் வியாபாரத்தையும் கடைப் பெயரையும் டி.பி.ஜி. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் ஸ்ரீராம் குழுமத்துக்கும் விற்க நேர்ந்தது. பட்டியலிட்ட பழைய நிறுவனம் வி2 ரீடெய்ல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 டிசம்பரில் 78 ரூபாய் விலையில் புதிய பங்கு வெளியீட்டுக்கு வந்தது அந்தப் பெயரைத் தாங்கிய வேறு நிறுவனம். அந்த வெளியீட்டில் திரண்ட 8,000 கோடி முழுவதும் பங்கை விற்ற உரிமையாளருக்கே சென்றது. நிறுவனத்தின் கல்லாவுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. புதிய வெளியீடு எதிலும் பணம் யாருக்குப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நல்ல நிறுவனமாகவே இருந்தாலும் கொடுத்த விலை தவறாக இருக்கலாம். டிரெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் லக்மே அழகுசாதனத் தொழிலை விற்ற பணத்தில் டாடா குழுமம் தொடங்கிய துணிக்கடை இது. 2016-இல் 999 ரூபாய்க்கு மேல் விலை வைக்காத ஜூடியோவைக் கொண்டுவந்தது. 2024-25 நிதியாண்டில் அதன் வருவாய் 17,000 கோடியை ஒட்டி வந்தது. முந்தைய ஆண்டைவிட 35 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். எனினும் 2024 அக்டோபரில் 8,000 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, 2025 முடிவில் ஏறக்குறைய அதன் பாதி விலைக்கு வந்துவிட்டது. வியாபாரம் சுருங்கவில்லை, வளர்ச்சியின் வேகம்தான் குறைந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் ஓர் ஆண்டு லாபத்தைப் போல 100 மடங்குக்கும் மேல் விலை கொடுத்திருந்தார்கள். அந்த விலைக்கு வேகம் குறையாமலே இருந்திருக்க வேண்டும். கோ ஃபேஷன் 2021 நவம்பரில் 690 ரூபாய்க்கு வெளியிடப்பட்டு, முதல் நாளிலேயே ஏறத்தாழ இரண்டு மடங்கில் தொடங்கியது. 2025-இல் வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கியது. 2022 பிப்ரவரியில் 866 ரூபாய்க்கு வந்த வேதாந்த் ஃபேஷன்ஸ், மார்ஜினில் இத்துறையின் முன்வரிசையில் இருந்தும், 2025-இல் அதே நிலைக்கு வந்தது. மூன்றுமே கடையை ஒழுங்காக நடத்துபவை என்பதுதான் என் கருத்து. வாங்கியவர்கள் கொடுத்த விலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

காலாண்டு வளர்ச்சியைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஓணம் எப்போதும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டிலேயே வரும். ஆனால் துர்கா பூஜை 2024-இல் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வந்தது, 2025-இல் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. கிழக்கு, வடக்கு மாநிலங்களில் கடை வைத்திருக்கும் நிறுவனங்களின் செப்டம்பர் காலாண்டு விற்பனை 2025-இல் பெரிதாகத் தெரிந்ததற்கு இந்த நாள் மாற்றமும் ஒரு காரணம். அத்தகைய ஆண்டுகளில் இரண்டு காலாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பட்டுப்புடவை, ஷெர்வானி விற்பவர்களுக்கு முகூர்த்த நாள்களின் எண்ணிக்கையே பருவம். புதிய கடைகள் சேர்ந்ததால் வந்த வளர்ச்சியைத் தள்ளிவிட்டு, ஏற்கெனவே இருந்த கடைகளில் மட்டும் விற்பனை எவ்வளவு கூடியது என்ற எண்ணையும் நிறுவனங்கள் தருகின்றன. அது பணவீக்கத்தின் அளவுகூட வளரவில்லை என்றால், பழைய கடைகள் சுருங்குகின்றன என்று பொருள். ஒரே வட்டாரத்தை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு ஆபத்து எவ்வளவு என்பதை நாம் 2018-இல் கண்ணால் கண்டோம். அந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 25. அதற்கு முந்தைய பத்து நாளில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. ஓணக்கோடிக்கு வாங்கி அடுக்கிய சரக்கு அப்படியே தங்கியது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். முன்பு எல்லைக்கோடு 1,000 ரூபாயாகவும், மேல் விகிதம் 12 சதவீதமாகவும் இருந்தது. நடுத்தர விலைச் சட்டை விற்பவருக்கு இது நன்மை, விலை உயர்ந்த திருமண உடை விற்பவருக்குச் சுமை. ஏற்றுமதி நிறுவனங்களைத் துணிக்கடைப் பங்குகளோடு கலக்காதீர்கள். கிழக்கம்பலத்தின் கிடெக்ஸ் குழந்தை உடைகளைத் தைத்து அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது அடிபட்டவை அந்த வகைப் பங்குகள்தான். ஓணக் கூட்டத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இனி உங்கள் 4 லட்சம். மகளின் கட்டணத்துக்கு வேண்டிய பகுதியைப் பங்கில் போடவே வேண்டாம். டிரெண்ட் ஓராண்டில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தோம், விலை மீளும் வரை கல்லூரி காத்திருக்காது. அதை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பாகப் போட்டுவிடுங்கள். மீதியிலும் துணித்துறைக்கு என்று ஒரு சிறு பங்கை மட்டும், அதையும் பல தவணைகளாகப் பிரித்து வைப்பதே நான் என் வீட்டாருக்குச் சொல்வது.

பட்டியலிட்ட நிறுவனங்கள் விற்பனையையும் லாபத்தையும் நான்கு காலாண்டுகளிலும் வெளியிடுகின்றன. ஆனால் சரக்கு எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் சொத்து, பொறுப்பு விவரம் செப்டம்பர், மார்ச் என்று ஆண்டுக்கு இருமுறைதான் கட்டாயம். செப்டம்பர் 30-இல் தீபாவளிக்காக வாங்கிக் குவித்த சரக்கு நிற்கும் என்பதால் தொகை இயல்பாகவே பெரிதாக இருக்கும். செப்டம்பரைச் செப்டம்பரோடு ஒப்பிடுங்கள். மார்ச் 31-இல் நிற்பது பருவம் முடிந்து மிஞ்சியது. எனக்கு அதுவே முக்கியம். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களின் கடந்த ஐந்து மார்ச் மாதக் கணக்குகளை அவற்றின் இணையதளத்திலிருந்தோ பங்குச் சந்தையின் தளத்திலிருந்தோ எடுத்து, மேலே சொன்ன நாள் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், அதற்கான விளக்கம் நிர்வாகத்தின் உரையில் இருக்கிறதா என்று தேடிவிட்டு, கிடைத்ததை எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.